இளைஞர் அமைப்பில் களப்பணியிலிருந்து தலைமைப் பொறுப்புக்குப் போவது எப்படி?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கமாக ஒருமுறை சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். வயது 31. பதின்வயதினரோடு வேலை செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்தில் ஆறு ஆண்டுகளாகக் களப்பணி. பிள்ளைகளோடு இருப்பது பிடித்திருக்கிறது. ஆனாலும் இன்னும் பெரிய பொறுப்புக்கு வர வேண்டும், ஒரு நாள் ஓர் அமைப்பையே நடத்த வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. இதை வாழ்நாள் தொழிலாக நம்பலாமா? என்ன கற்றுக்கொள்ள வேண்டும்? மேற்படிப்பு தேவையா? சொந்தமாக ஓர் அமைப்பைத் தொடங்கிவிடலாமா? வயது கடந்துவிட்டதா?

நம்பலாம். நான் இந்தத் துறையிலேயே இருந்து வந்தவன், இன்னும் இருப்பவன். ஆனால் இங்கே தலைமை என்றால் என்ன என்பதில் எனக்கு அழுத்தமான ஒரு கருத்து உண்டு. நான் சொல்லப்போகும் எல்லாமே அதிலிருந்துதான் வரும், அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம்பகமான ஒரு பெரியவர் ஒரு பிள்ளையின் வாழ்க்கையில் போதுமான காலம் நிலைத்திருப்பதற்கு வழிசெய்வதுதான் இளைஞர் அமைப்பின் தலைவருடைய வேலை. நிதி திரட்டுவது, ஆள் எடுப்பது, கணக்கு, போர்டு கூட்டம், ரிப்போர்ட் எல்லாம் அந்த ஒன்றுக்காகத்தான்.

இது வெறும் உணர்ச்சியில் சொல்வதில்லை. அமெரிக்காவில் 1904இல் தொடங்கிய பிக் பிரதர்ஸ் இயக்கம், இன்று பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ் என்ற பெயரில் இயங்குகிறது. ஒரு பெரியவரையும் ஒரு பிள்ளையையும் இணைத்துவிடுவதுதான் அதன் வழிமுறை. 1995இல் வெளியான ஓர் ஆய்வு, 10 முதல் 16 வயது வரையிலான 959 பிள்ளைகளைப் பின்தொடர்ந்தது. யாருக்கு உடனே மென்டர், அதாவது துணைநிற்கும் பெரியவர், கிடைக்க வேண்டும், யார் காத்திருக்க வேண்டும் என்பது குலுக்கல் முறையில் முடிவானது. 18 மாதங்கள் கழித்துப் பார்த்தபோது, மென்டர் கிடைத்தவர்கள் போதைப்பொருள் பழக்கத்தைத் தொடங்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 46 விழுக்காடு குறைவாக இருந்தது. பள்ளிக்கு மட்டம் போடுவதும் குறைந்திருந்தது. இந்த முடிவைத்தான் நிதி கேட்டு எழுதும் புரொபோசலில் எல்லோரும் எழுதுவார்கள்.

அதே தரவுகளை வைத்து ஜீன் கிராஸ்மனும் ஜீன் ரோட்ஸும் 2002இல் வெளியிட்ட முடிவை எழுதுபவர்கள் குறைவு. ஓராண்டுக்கு மேல் நீடித்த உறவுகளில்தான் பலன் அதிகம். மூன்று மாதத்துக்குள் முறிந்துபோன உறவுகளில் பிள்ளைகளின் சுயமதிப்பு குறைந்திருந்தது. படிப்பில் தன்னால் முடியும் என்ற நம்பிக்கையும் குறைந்திருந்தது. அதாவது ஒரு பெரியவர் வந்து, பழகி, பாதியில் காணாமல் போவதற்கு அவர் வராமலே இருந்திருக்கலாம். களத்தில் இருப்பவர் என்பதால் இதை நீங்கள் கண்ணால் பார்த்திருப்பீர்கள். "அந்த அக்கா எங்கே?" என்று கேட்டுவிட்டு, அடுத்து வந்தவரிடம் வாயே திறக்காத பிள்ளை எல்லா அமைப்பிலும் உண்டு.

நல்லெண்ணம் போதாது என்பதற்கு இதைவிடக் கடுமையான உதாரணமும் இருக்கிறது. தலைமைக்கு வர நினைக்கும் எல்லோரிடமும் நான் இதைச் சொல்வேன். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ரிச்சர்ட் கேபட் என்ற மருத்துவரின் முயற்சியில் 1939இல் ஒரு திட்டம் தொடங்கியது. கேம்பிரிட்ஜ்-சாமர்வில் ஆய்வு என்று பெயர். 506 சிறுவர்களைப் பின்னணி ஒத்துப்போகும்படி இரண்டிரண்டு பேராகச் சேர்த்து, ஒவ்வொரு இணையிலும் ஒருவரைத் திட்டத்துக்குள் எடுத்தார்கள், மற்றவரை வெளியே விட்டார்கள். உள்ளே வந்தவர்களுக்கு ஆலோசகர், படிப்பில் உதவி, மருத்துவம், கோடை முகாம் என்று சராசரியாக ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கவனிப்பு கிடைத்தது. ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் பல பத்தாண்டுகள் கழித்து அவர்களைத் தேடிப்பிடித்து, 1978இல் முடிவுகளை வெளியிட்டார். மீண்டும் குற்றத்தில் சிக்குவது, குடிப்பழக்கத்தின் அறிகுறிகள், கடுமையான மனநோய் ஆகியவற்றில் திட்டத்துக்குள் இருந்தவர்களின் நிலைதான் மோசமாக இருந்தது. இருந்தும், அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் அந்தத் திட்டம் தங்களுக்கு உதவியது என்றே சொன்னார்கள்.

பயனாளிகள் நன்றியோடு சொல்வதும் உண்மையில் நடந்ததும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. மெக்கார்ட் பின்னால் செய்த ஆய்வில் இன்னொன்றும் தெரியவந்தது. கோடை முகாமுக்கு ஒரு முறைக்கு மேல் அனுப்பப்பட்ட சிறுவர்களிடம்தான் பாதிப்பு அதிகம். சிக்கலில் இருக்கும் பையன்களை ஒன்றாகக் கூட்டி வைத்தால், அவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்வது நாம் நினைத்ததாக இருக்காது என்ற விளக்கம் அதிலிருந்து வலுப்பெற்றது. சிறைக்குக் கூட்டிப்போய்ப் பிள்ளைகளைப் பயமுறுத்தித் திருத்தப் பார்த்த 'ஸ்கேர்ட் ஸ்ட்ரெய்ட்' வகைத் திட்டங்களும் அப்படித்தான் முடிந்தன. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அவற்றில் கலந்துகொண்டவர்கள் குற்றத்தில் சிக்கும் வாய்ப்பு குறையவில்லை, கூடியிருந்தது. ஆகவே பெரியவர் ஒருவர் நீண்ட காலம் இருந்தால் போதும் என்று நான் சொல்லவில்லை. அவர் என்ன செய்கிறார், பிள்ளையை யாரோடு சேர்த்து வைக்கிறார் என்பதைக் கவனிக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்களாக இருக்கப்போகிறீர்கள்.

சரி, இப்போது வேலைக்கு வருவோம். பெயர்கள் அமைப்புக்கு அமைப்பு மாறும். பொதுவாகக் களப்பணியாளர், ஒருங்கிணைப்பாளர், திட்ட மேலாளர், இயக்குநர், கடைசியில் நிர்வாக இயக்குநர் என்று படிகள் இருக்கும். இவற்றில் மிகக் கடினமானது கடைசிப் படி என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் முதல் படிதான் கடினம். அதுவரை உங்கள் வேலை பிள்ளைகளோடு. ஒருங்கிணைப்பாளர் ஆன மறுநாளிலிருந்து உங்கள் வேலை பெரியவர்களோடு. நேற்று வரை உங்களோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர் இன்று தாமதமாக வந்தால் நீங்கள்தான் கேட்க வேண்டும். பிள்ளைகள் உங்களைத் தேடி ஓடி வரும் சந்தோஷம் குறைந்துகொண்டே போகும். அந்த அன்பு கிடைத்தால்தான் வேலை செய்யத் தெம்பு வரும் என்றால், மூத்த களப்பணியாளராகவே இருங்கள். அது எந்த வகையிலும் சிறிய வேலை கிடையாது. நல்ல அமைப்புகள் அப்படிப்பட்டவர்களுக்குப் பதவி மாற்றாமலே ஊதியம் உயர்த்தும் வழி வைத்திருக்க வேண்டும். நீங்கள் தலைவரானால் தயவுசெய்து அதைச் செய்யுங்கள்.

மேலாளராக நீங்கள் கற்க வேண்டிய முதல் பழக்கம், ஒவ்வொரு களப்பணியாளரோடும் வாரம் ஒருமுறையோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ தனியாக உட்காருவது. வேலைப் பட்டியலைச் சரிபார்க்க வேறு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு மணி நேரத்தில் கேட்க வேண்டியது: இந்த வாரம் எந்தப் பிள்ளையை நினைத்துக் கவலைப்பட்டீர்கள்? யாரைத் தவிர்க்கத் தோன்றியது? எந்த இடத்தில் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றீர்கள்? வீட்டில் அடி வாங்கும் பிள்ளையின் கதையை, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளையின் கதையைத் தினமும் கேட்பவர் அதைத் தனியாகச் சுமந்தால் நீண்ட நாள் தாங்க மாட்டார். சிலர் வேலையை விடுவார்கள். சிலர் வேலையில் இருந்துகொண்டே மனதை மூடிக்கொள்வார்கள். இரண்டாவது வகை பிள்ளைகளுக்கு இன்னும் ஆபத்து. வேலை அதிகமாகும்போது முதலில் ரத்தாவது இந்த ஒரு மணி நேரம்தான். அதை ரத்து செய்யாத மேலாளரின் அணியில்தான் ஆட்கள் தங்குகிறார்கள்.

அடுத்தது எண்ணிக்கை. நிதி தருபவர் "எத்தனை பேரைச் சென்றடைவீர்கள்?" என்று கேட்பார். பெரிய எண்ணைச் சொல்லத்தான் கை துடிக்கும். ஒரு பணியாளருக்கு 25 பிள்ளைகள் என்பதை 60 ஆக்கினால் காகிதத்தில் அழகாக இருக்கும், களத்தில் உறவே இருக்காது. இந்த இடத்தில் மறுக்கத் தெரிவதுதான் தலைமையின் முதல் சோதனை என்பேன். மறுக்க வேண்டும் என்றால் மாற்றாக ஓர் எண் உங்கள் கையில் இருக்க வேண்டும். நான் எப்போதும் மூன்றைப் பார்ப்பேன்: ஒரு பிள்ளை சராசரியாக எத்தனை மாதம் நம்மோடு இருக்கிறது, ஒரு பணியாளர் எத்தனை மாதம் இருக்கிறார், சத்தமில்லாமல் விலகிப்போன பிள்ளைகள் யார். மூன்றாவதை யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் உங்கள் திட்டம் யாருக்கு ஒத்துவரவில்லை என்பதை அந்தப் பட்டியல்தான் காட்டும். விலகாமல் இருந்தவர்களின் வெற்றிக் கதைகளை மட்டும் சேகரித்தால் கேம்பிரிட்ஜ்-சாமர்வில்லில் நடந்ததைப் போல நன்றி மட்டும்தான் கேட்கும்.

இனி பணம். இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். களத்திலிருந்து மேலே வருபவர்கள் அதிகம் பயப்படுவதும், அதிகம் தள்ளிப்போடுவதும் இதைத்தான்.

ஓர் அமைப்பின் வங்கிக் கணக்கில் ஓராண்டுச் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பார்த்தால் நிம்மதி. ஆனால் அதில் பத்தில் ஒன்பது பங்கு குறிப்பிட்ட திட்டங்களுக்காக வந்த நிதியாக இருக்கலாம். அதை வேறெதற்கும் தொட முடியாது. மீதி ஒரு பங்குதான் பொது நிதி. எதிர்பார்த்த தவணை இரண்டு மாதம் தாமதமானால் அந்த அமைப்பால் சம்பளம் போட முடியாது. ஆகவே நீங்கள் கற்க வேண்டிய முதல் கணக்கு இது: நிபந்தனை இல்லாத பணம் மட்டும் எத்தனை மாதச் செலவைத் தாங்கும்? மூன்று மாதத்துக்குக் கீழே என்றால் அந்த அமைப்பின் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தாமதமான தவணையை நம்பி இருக்கிறது.

இரண்டாவது, முழுச் செலவு. களப்பணியாளரின் சம்பளத்தை புரொபோசலில் எழுதுவோம். அவருக்குப் பயிற்சி தருபவரின் நேரம், அவரோடு வாராவாரம் உட்காரும் மேலாளரின் நேரம், கணக்காளர், தணிக்கை, அவர் விடுப்பில் போனால் வரும் மாற்று ஆள், இவையெல்லாம் 'நிர்வாகச் செலவு' என்ற பெயரில் வெட்டப்படும். வெட்டிக்கொடுத்த பட்ஜெட்டைப் பார்த்து, நிதியாளர் அடுத்த முறை இன்னும் குறைவாக எதிர்பார்ப்பார். அமைப்பும் குறைத்துக் காட்டும். இந்தச் சுழற்சியை ஆன் கொகின்ஸ் கிரிகரியும் டான் ஹோவர்டும் 2009இல் ஒரு கட்டுரையில் 'பட்டினிச் சுழற்சி' என்று விவரித்தார்கள். 2013இல் அமெரிக்காவில் தொண்டு நிறுவனங்களை மதிப்பிடும் மூன்று அமைப்புகள் சேர்ந்து, நிர்வாகச் செலவு விகிதத்தை மட்டும் வைத்து ஒரு நிறுவனத்தை எடைபோடாதீர்கள் என்று நன்கொடையாளர்களுக்கு வெளிப்படையாகக் கடிதமே எழுதின. 2020 முதல் அமெரிக்கக் கொடையாளர் மெக்கென்சி ஸ்காட் போன்ற சிலர் நிபந்தனையில்லாத பெருந்தொகைகளைத் தரத் தொடங்கியிருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலான நிதி இன்னும் திட்டம் சார்ந்துதான் வருகிறது. நீங்கள் முழுச் செலவையும் எழுதிக் காட்டிப் பழகுங்கள். சில நிதியாளர்கள் மறுப்பார்கள். கேட்டால் ஒப்புக்கொள்பவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம்.

மூன்றாவது, காலம். மூன்று ஆண்டு நிதி கிடைத்திருக்கிறது என்று கொண்டாடுவோம். ஆள் எடுத்துப் பயிற்சி கொடுக்கவே முதல் ஆறு மாதம் போகும். கடைசி ஆறு மாதத்தில் ஒப்பந்தம் முடியப்போகிறதே என்று பணியாளர்கள் வேறு வேலை தேடத் தொடங்குவார்கள். அது நியாயமும்கூட. ஆக, மூன்று ஆண்டுத் திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு உறுதியான உறவு கிடைப்பது இரண்டு ஆண்டுதான். இதைத் தெரிந்த தலைவர், நிதிகள் எல்லாம் ஒரே நேரத்தில் முடியாதபடி அவற்றின் காலத்தை முன்பின்னாக அமைப்பார். முடியப்போகும் திட்டத்தின் பணியாளரிடம் ஆறு மாதம் முன்பே உண்மையைச் சொல்வார். திட்டம் நிற்கத்தான் போகிறது என்றால், பிள்ளைகளுக்கும் தேதியைச் சொல்லி, முறையாக விடைபெற நேரம் கொடுப்பார். சொல்லிவிட்டு முடியும் உறவும் ஒரு நாள் அறுந்துபோகும் உறவும் பிள்ளையின் மனதில் ஒரே மாதிரித் தங்காது.

பணத்தைக் கவனிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு லண்டனில் இயங்கிய கிட்ஸ் கம்பெனி ஒரு பாடம். 1996இல் கமிலா பட்மங்கலிஜ் தொடங்கியது. கைவிடப்பட்ட பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்து வைத்த அமைப்பு. அரசு நிதி பல கோடி பவுண்டு வந்தது. ஆனால் இருப்பு நிதி என்று சொல்லும்படி எதுவும் சேரவில்லை. 2015 ஆகஸ்டில், அரசிடமிருந்து கடைசி 30 லட்சம் பவுண்டு வந்த சில நாட்களிலேயே அது மூடப்பட்டது. பிறகு நாடாளுமன்றக் குழுவும் தொண்டு நிறுவன ஆணையமும் விசாரித்தன. அறங்காவலர்களைத் தகுதி நீக்கம் செய்யக் கோரிய வழக்கை 2021இல் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது, அவர்களின் நேர்மையை அது சந்தேகிக்கவில்லை. நேர்மையான மனிதர்கள் நடத்திய அமைப்புதான் ஒரே நாளில் மூடியது என்பதை மனதில் வையுங்கள். அன்று கதவு வரை வந்து திரும்பிப்போன பிள்ளைகளுக்கு இருப்பு நிதி என்ற சொல்லின் அர்த்தம் தெரிந்திருக்காது, அதன் விளைவு தெரிந்தது.

பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாக, ஆனால் விட்டுக்கொடுக்காமல் சொல்கிறேன். பிள்ளைகள் இருக்கும் இடத்தைத் தேடித் தவறான ஆட்களும் வருவார்கள். பாய் ஸ்கவுட்ஸ் ஆஃப் அமெரிக்கா 2020 பிப்ரவரியில் திவால் பாதுகாப்பு கோரியபோது, பாலியல் கொடுமைக்கு ஆளானதாக 82,000 பேருக்கு மேல் இழப்பீடு கேட்டு முன்வந்தார்கள். ஒரு நல்ல மரபுள்ள, மதிக்கப்பட்ட அமைப்பில் நடந்தது இது. வேலைக்கோ தன்னார்வப் பணிக்கோ வருபவரின் பின்னணியைச் சரிபார்ப்பது, மூடிய அறையில் ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் தனியாக இருக்காதபடி பார்ப்பது, தனிப்பட்ட செல்பேசி உரையாடலுக்கு வரம்பு, புகார் வந்தால் உள்ளேயே பேசி முடிக்காமல் சட்டப்படி வெளியே தெரிவிப்பது ஆகியவை அடிப்படை. "அவர் அப்படிப்பட்டவர் இல்லை" என்ற வாக்கியம் எந்த அமைப்பிலும் விசாரணைக்கு மாற்றாகக் கூடாது. இயக்குநர் நேர்காணலுக்குப் போகும்போது, கடைசியாக எப்போது ஒரு புகார் வந்தது, என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். "எங்களிடம் புகாரே வந்ததில்லை" என்று பெருமையாகச் சொன்னால், புகார் சொல்ல வழியிருக்கிறதா என்று அடுத்துக் கேளுங்கள்.

இளைஞர்களுக்கே அமைப்பில் என்ன இடம் என்பதும் தலைமையின் கேள்விதான். ரோஜர் ஹார்ட் 1992இல் யுனிசெஃப்புக்காக எழுதிய ஒரு கட்டுரையில் எட்டுப் படிகள் கொண்ட ஏணி ஒன்றைக் காட்டினார். கீழ் மூன்று படிகள் பங்கேற்பே இல்லை என்பது அவர் வாதம்: பெரியவர்கள் நினைத்ததைப் பிள்ளைகள் வாயால் சொல்ல வைப்பது, மேடை அலங்காரமாக நிறுத்துவது, பேருக்கு ஒருவரைக் கூட்டத்தில் உட்கார வைப்பது. ஆண்டு விழாவில் ஒரு மாணவியைப் பேச வைத்துவிட்டு, அடுத்த ஆண்டுத் திட்டத்தை அவளிடம் காட்டாமலே முடிவு செய்யும் அமைப்புகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சிறிதாகத் தொடங்கலாம். ஆள் எடுக்கும் நேர்காணலில் இரண்டு இளைஞர்களை உட்கார வைத்து, அவர்கள் மதிப்பெண்ணுக்கும் எடை கொடுங்கள். பிள்ளைகளிடம் நடிப்பவரை அவர்கள் நம்மைவிட வேகமாகக் கண்டுபிடித்துவிடுவார்கள். அவர்களின் நேரத்துக்கு ஊதியமும் கொடுங்கள்.

நிர்வாக இயக்குநர் பதவிக்கு ஒரு நாள் அழைப்பு வரும். அப்போது சந்தோஷத்தில் உடனே ஒப்புக்கொள்ளாதீர்கள். கடந்த மூன்று ஆண்டுகளின் தணிக்கை அறிக்கையைக் கேளுங்கள். மொத்த வருமானத்தில் ஒரே நிதியாளரின் பங்கு எவ்வளவு என்று பாருங்கள். பாதிக்கு மேல் என்றால், அந்த நிதியாளர் மனம் மாறும் நாளில் அமைப்பு பாதியாகிவிடும். முந்தைய இயக்குநர் ஏன் போனார் என்பதை அவரிடமே பேசித் தெரிந்துகொள்ளுங்கள். போர்டு உறுப்பினர்களை ஒவ்வொருவராகச் சந்தியுங்கள். இதுவரை உங்களுக்கு ஒரு மேலாளர் இருந்தார். இனி உங்கள் முதலாளி ஒரு குழு. அவர்கள் மாதத்துக்கோ காலாண்டுக்கோ ஒருமுறை கூடுபவர்கள், பிள்ளைகளைத் தினம் பார்க்காதவர்கள். கெட்ட செய்தியை அவர்கள் வேறு யாரிடமிருந்தாவது கேள்விப்படும் முன் நீங்களே சொல்லிவிடும் பழக்கம்தான் அந்த உறவைக் காப்பாற்றும்.

சொந்தமாகத் தொடங்கலாமா என்று கேட்டீர்கள். இப்போது வேண்டாம் என்பது என் கருத்து. தொடங்கும் ஆர்வத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஒய்எம்சிஏவை 1844இல் லண்டனில் தொடங்கிய ஜார்ஜ் வில்லியம்ஸ் 22 வயதுத் துணிக்கடை ஊழியர்தான். ஆனால் உங்கள் பகுதியில் ஏற்கெனவே நல்ல வேலை நடக்கிறது என்றால், அங்கே இன்னொரு பெயர்ப்பலகை வைப்பதால் நிதியும் ஆட்களும் பிரிவார்கள், பிள்ளைகளுக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்காது. இருக்கும் அமைப்பு ஒன்றை வலுப்படுத்துவது பலருக்கும் கவர்ச்சியாகத் தோன்றுவதில்லை. எனக்கு அதுதான் உயர்ந்த வேலையாகப் படுகிறது. யாருமே செய்யாத ஒன்றைக் கண்டுபிடித்தால், பட்ஜெட்டையும் ஆட்களையும் ஒருமுறையாவது இன்னொருவர் கூரையின் கீழ் நடத்திப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

தொடங்குவதைவிட ஒப்படைப்பது கடினம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நியூயார்க்கில் பிள்ளைகளுக்காக இயங்கும் ஹார்லெம் சில்ட்ரன்ஸ் ஸோன் அமைப்பில் ஜெஃப்ரி கனடா 2014இல் தலைமை நிர்வாகப் பொறுப்பை ஆன் வில்லியம்ஸ்-ஐசமிடம் கொடுத்தார். வில்லியம்ஸ்-ஐசம் 2009 முதலே அங்கே தலைமைச் செயல்பாட்டு அலுவலராக இருந்தவர். ஐந்து ஆண்டு அருகிலிருந்து நடத்திப் பழகியவரிடம் பொறுப்பு போனது. பெரிய பெயர் கொண்ட ஒரு தலைவர் அந்தப் பொறுப்பிலிருந்து விலகியும் அமைப்பு தொடர்ந்து ஓடியது.

மேற்படிப்பு பற்றி. சமூகப்பணி, கல்வி, பொது நிர்வாகம், மேலாண்மை எதுவானாலும் பயன் உண்டு. ஆறு ஆண்டு வேலைக்குப் பிறகு படிப்பது, படித்து முடித்ததும் வேலைக்கு வருவதைவிட நல்லது. எந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறோம் என்று தெரிந்து வகுப்பில் உட்காருவீர்கள். பெரிய சர்வதேச அமைப்புகள் பல முதுகலைப் பட்டத்தைக் கேட்கின்றன. நடுத்தர அமைப்புகளில் அனுபவம் அதை ஈடுகட்டும். வேலையை விட்டுவிட்டுக் கடன் வாங்கிப் படிக்கும் முன், நிதி மேலாண்மையில் ஒரு குறுகிய காலப் படிப்பை முடியுங்கள். உங்கள் நிலையில் அதுதான் கதவைச் சீக்கிரம் திறக்கும்.

ஊதியம் இதே திறமைக்கு வணிக நிறுவனங்கள் தருவதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அதை மறைக்க மாட்டேன். ஆனால் குறைந்த ஊதியத்தைத் தியாகம் என்று போற்றும் பேச்சை ஏற்காதீர்கள், தலைவரானதும் அதை நீங்கள் பேசவும் செய்யாதீர்கள். வாடகை கட்ட முடியாத பணியாளர் ஓராண்டில் போய்விடுவார். அவர் போனால் அவரை நம்பிய பிள்ளைகள் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். களப்பணியாளரின் சம்பளத்தை உயர்த்துவதும் பிள்ளைகளுக்கான செலவுதான் என்று போர்டிடம் வாதாடத் தயாராக இருங்கள்.

கடைசியாக வயது. ஜெஃப்ரி கனடா 1952இல் பிறந்தவர். பின்னால் ஹார்லெம் சில்ட்ரன்ஸ் ஸோன் ஆன அந்த அமைப்பில் அவர் சேர்ந்தது 1983இல், அதாவது உங்கள் வயதில். தலைவரானது 1990இல். நடுவே ஏழு ஆண்டு இருந்தது. உங்களிடமும் அவ்வளவு காலம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு இப்போதே மூன்று விஷயங்களை உங்கள் இயக்குநரிடம் கேளுங்கள். அடுத்த பட்ஜெட் கூட்டத்தில் ஓரமாக உட்கார்ந்து கேட்க அனுமதி. புதிதாக வரும் ஒரு களப்பணியாளரை ஓராண்டுக்கு வழிநடத்தும் பொறுப்பு. நிதியாளருக்குப் போகும் அடுத்த ரிப்போர்ட்டில் ஒரு பகுதியை நீங்களே எழுதும் வாய்ப்பு. நல்ல இயக்குநர் மூன்றுக்கும் சரி என்பார், இரண்டுக்காவது ஒப்புக்கொள்வார். ஓராண்டாகியும் மூன்றும் மறுக்கப்பட்டால், உங்கள் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி, அடுத்து வருபவரை அவர்களுக்கு அறிமுகம் செய்துவைத்துவிட்டு, வேறு அமைப்பைத் தேடுங்கள்.